சிங்கப்பூர் வேலைக்கு வருகிறவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டு

எனக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2009ல் ஸ்கில் டெஸ்ட் முடித்துக் கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் வந்தேன். கம்பி கட்டினேன், பலகை அடித்தேன், இப்போது சேஃப்டி பக்கம் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா பக்கம், போய் உட்கார்ந்தால் யாராவது ஒரு தம்பி மடித்த பேப்பரை நீட்டி, "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்பார். அப்படிப் பல வருடமாகப் பார்த்ததில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. வெளிநாட்டு ஊழியருக்கான சட்டம் இங்கே எழுத்தில் நன்றாகவே இருக்கிறது. நம்மவர்கள் தோற்பது கையில் ஆதாரம் இல்லாமல்தான். அடுத்தது பயம். பயத்தில் நாள் தள்ளிப்போய், கேட்க வேண்டிய காலமும் முடிந்துவிடுகிறது.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். வந்த மூன்றாம் வருடம் நான் இருந்த கம்பெனி மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டது. பதினான்கு பேர் சேர்ந்து மனிதவள அமைச்சுக்கு, அதாவது எம்.ஓ.எம்.முக்குப் போனோம். அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் ஓ.டி. பார்த்தீர்கள்?" எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்னிடம் மட்டும் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. எங்கள் அப்பா நாற்றுக்கூலி, உரம், அறுப்புக்கூலி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைப்பார். அதே பழக்கத்தில் நானும் வேலை நேரத்தை எழுதி வந்திருந்தேன். எனக்கு ஓ.டி. பணமும் சேர்ந்து வந்தது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். என் பக்கத்துக் கட்டில்காரர் என்னைவிட அதிக நேரம் வேலை செய்தவர். அவருக்கு வராமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. இதை நான் எழுதுவது அவர் மாதிரி இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான்.

விமானம் ஏறும் முன்

ஐ.பி.ஏ. என்ற கடிதம் உங்களுக்கு வரும். எம்.ஓ.எம். கொடுக்கும் முன் அனுமதி அது. விசா வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பலர் அதைப் படிப்பதே இல்லை. ஏர்போர்ட்டில் காட்டும் தாள் என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் பேசிக் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, மாதம் என்னென்ன பிடிப்பார்கள் என்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. நீங்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, உங்கள் மொழியில் அதன் பிரதியை முதலாளி அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் ஏஜென்ட்டிடம் தமிழ்ப் பிரதி கேளுங்கள். கொடுக்காமல் இழுத்தடித்தால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். கடிதம் உண்மையானதுதானா என்று எம்.ஓ.எம். இணையதளத்தில் சரிபார்க்கவும் முடியும்.

ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளம் ஒன்று, ஐ.பி.ஏ.யில் இருப்பது வேறு என்றால் அப்போதே கேளுங்கள். இங்கே வந்தபின் கடிதத்தில் இருப்பதுதான் பேசும். 2017ல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம், சீனாவிலிருந்து வந்த ஓர் ஊழியரின் வழக்கில் முக்கியமான தீர்ப்பு ஒன்று சொன்னது. ஐ.பி.ஏ.யில் ஒரு தொகையும் ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைந்த தொகையும் இருந்தால், ஐ.பி.ஏ. தொகையையே சம்பளமாக எடுத்துக்கொள்ள வேண்டும், அது சரியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்பது அதன் சாரம். நமக்கு அது எவ்வளவு பெரிய பிடிமானம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் அந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரம்மா போனிலோ தம்பி போனிலோ ஒன்று போட்டு வையுங்கள். உங்கள் போனில் மட்டும் வைத்தால் போதாது.

பணம் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி, ஒப்பந்தம் ஒரு வருடமென்றால் ஒரு மாதச் சம்பளம், எத்தனை வருடமானாலும் இரண்டு மாதச் சம்பளம், அதற்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. நடப்பு என்ன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகப் போடுங்கள். யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு போனது என்பதற்குத் தடயம் இருக்க வேண்டும்.

வந்த முதல் வாரம்

பாஸ்போர்ட், வேலை பெர்மிட் அட்டை, ஏ.டி.எம். கார்டு மூன்றும் உங்களிடம் இருக்க வேண்டும். "ஆபீஸில் பத்திரமா வைக்கிறோம்" என்பார்கள். நீங்கள் திருப்பிக் கேட்டும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் வைத்திருப்பது இங்கே குற்றம். ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் மட்டும் எந்தக் காரணம் சொன்னாலும் கொடுக்காதீர்கள். 2020 ஜூலையிலிருந்து டார்மிட்டரியில், அதாவது ஊழியர் விடுதியில், தங்குகிறவர்களுக்குச் சம்பளம் வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. கணக்கில் போட்டுவிட்டு, அந்தக் கார்டை வைத்தே பாதியை எடுத்துக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள். வங்கி அறிக்கையில் முழுச் சம்பளம் வந்ததாகத்தான் தெரியும். பிறகு உங்கள் பேச்சை யார் நம்புவார்?

புதிதாக வருகிறவர்களுக்குத் தமிழிலேயே நடக்கும் ஒரு நாள் அறிமுக வகுப்பு உண்டு. பயணக் களைப்பில் தூங்கிவிடாதீர்கள். சட்டம் பற்றி அங்கே சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

நோட்டு

முஸ்தபா சென்டருக்கெல்லாம் போக வேண்டாம், பக்கத்துக் கடையில் சாதாரண நோட்டு ஒன்று வாங்குங்கள். பேனாவால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும் முன் இரண்டு வரி போதும்: தேதி, சைட்டின் பெயர், வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சாப்பாட்டு இடைவேளை எவ்வளவு, சூப்பர்வைசர் யார், என்ன வேலை. லாரி எண்ணையும் எழுதினால் நல்லது. மழையால் வேலை நின்றாலும் எழுதுங்கள். லீவு என்றாலும் "லீவு" என்று எழுதுங்கள். நடுவில் நாட்கள் விடுபட்டால், ஒரே நாளில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியது என்று எதிர்த்தரப்பு சொல்லும். தினம் தினம் எழுதிய நோட்டுக்கு ஒரு முகம் உண்டு. பேனா மாறியிருக்கும், கையெழுத்து ஒரு நாள் ஒழுங்காக இருக்கும், ஒரு நாள் கிறுக்கலாக இருக்கும், சிமெண்டுக் கறை இருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

டைம் கார்டு இருந்தால் மாதக் கடைசியில் ஆபீஸுக்குப் போகும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். சைட்டில் வேலைப் பட்டியல் எழுதும் போர்டையும் எடுக்கலாம். சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் "நாளைக்கு 7 மணிக்கு ரெடியா இரு" போன்ற செய்திகளை அழிக்காதீர்கள். ஞாயிறுதோறும் அந்த வாரத்துப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தாலும், டார்மிலிருந்து அவசரமாகக் கிளம்ப நேர்ந்தாலும் கணக்கு ஊரில் இருக்கும். எங்கள் வீட்டில் என் மனைவிதான் இதையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு முறை, "வியாழக்கிழமை எழுதலையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அன்று எனக்கு நிஜமாகவே காய்ச்சல்.

சம்பள வவுச்சரில் கையெழுத்துப் போடும்போதுதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. வவுச்சரில் 900 என்று இருந்து கையில் 600 கொடுத்தால், "600 மட்டும் பெற்றேன்" என்று தமிழிலாவது எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அதற்கு விடமாட்டேன் என்றால் நோட்டில் அன்றே எழுதிவிடுங்கள். சம்பளத்தைக் குறைக்கச் சம்மதம் என்ற பேப்பர் வந்தால் இன்னும் கவனம். ஐ.பி.ஏ.யில் உள்ள பேசிக்கையும் நிலையான அலவன்ஸையும் முதலாளி குறைக்க வேண்டுமானால் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும், எம்.ஓ.எம்.முக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைத்தான் புரியாத ஆங்கிலத்தில் உங்கள் முன் வைக்கிறார்கள். "படிச்சுட்டு நாளைக்குத் தர்றேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பேஸ்லிப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது

2016 ஏப்ரலிலிருந்து பேஸ்லிப், அதாவது சம்பளச் சீட்டு, கட்டாயம். சம்பள மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓ.டி. பணமும் வந்துவிட வேண்டும்.

ஓ.டி. கணக்கை ஒரு முறை நீங்களே போட்டுப் பழகிவிடுங்கள். பேசிக்கை 12ஆல் பெருக்கி, 52 பெருக்கல் 44, அதாவது 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம் வரும். அதில் ஒன்றரை மடங்கு ஓ.டி. பேசிக் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) என்றால் 7,200ஐ 2,288ஆல் வகுக்க 3 வெள்ளி 15 காசு. ஒன்றரை மடங்கு 4 வெள்ளி 72 காசு. ஆனால் பல இடங்களில் ஓ.டி.க்கு மூன்று வெள்ளி என்று பேசி முடித்துவிடுகிறார்கள். மாதம் 60 மணி நேரம் ஓ.டி. பார்க்கிறவருக்கு இதில் மட்டும் 100 வெள்ளிக்கு மேல் நஷ்டம். வருடத்துக்கு 1,200 வெள்ளியைத் தாண்டுகிறது. ஊரில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு அது.

முதலாளி கேட்டுக்கொண்டதால் ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். நீங்களாகக் கேட்டு வேலைக்குப் போனால் ஒரு நாள் சம்பளம்தான். அதனால் ஞாயிறு வேலைக்கு யார் கூப்பிட்டது என்பதும் நோட்டில் இருக்கட்டும். பொது விடுமுறை வருடத்துக்கு 11 நாள், சம்பளத்தோடு.

பிடித்தம் பகுதியில், புரியாத பெயரில் எது இருந்தாலும் கேளுங்கள். லெவி என்பது முதலாளி அரசுக்குக் கட்டுவது. உங்களுக்காக அரசிடம் தரும் 5,000 வெள்ளி பிணைத்தொகையும் அவர் பொறுப்பு. இரண்டையும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. "சேவிங்ஸ்" என்று மாதம் 50, 100 பிடித்து, ஊருக்குப் போகும்போது தருவதாகச் சொல்வதும் தவறு. ஓடிப்போகாமல் இருக்கப் பிடித்து வைக்கும் பணம் அது. பெர்மிட்டைப் புதுப்பிக்க 1,000 வெள்ளி, 2,000 வெள்ளி என்று கேட்பது பெரிய குற்றம். வேலை கொடுப்பதற்காக ஊழியரிடம் பணம் வாங்குகிறவருக்கு 30,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கேட்கிறவர்கள் ரொக்கமாகத்தான் கேட்பார்கள், மூன்றாம் ஆள் மூலமாகத்தான் வாங்குவார்கள். எந்தத் தேதி, யார் கேட்டார், எங்கே வைத்துக் கொடுத்தீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள்.

அடிபட்டால்

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். சம்பளம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். கை போனால் வராது.

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குப் பலகை இடுக்கில் விரல் மாட்டி நசுங்கியது. சூப்பர்வைசர் தன் காரிலேயே ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனார். போகிற வழியில், "டார்ம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, செலவெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார். இவரும் அப்படியே சொல்லிவிட்டார். மூன்று வாரம் கழித்து விரல் மடங்கவில்லை. அப்போது கம்பெனி, அது வேலையில் பட்ட அடியே இல்லை என்றது. டாக்டரின் பதிவும் அப்படித்தான் இருந்தது. உடன் நின்றவர்கள் நாங்கள் இருவர் சாட்சி சொல்லித்தான் பிறகு அதைச் சரி செய்ய முடிந்தது. அந்தச் சாட்சிக்குப் போன அன்று எங்கள் இருவருக்கும் கை நடுங்கியது உண்மை. போனோம்.

அதனால் டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த சைட், எத்தனை மணி, எதனால் பட்டது என்று சொல்லுங்கள். மொழி வரவில்லை என்றால் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பெரிய மருத்துவமனையில் யாராவது ஒரு நர்ஸாவது கிடைப்பார். அடி பலமாக இருந்தால் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள், காருக்காகக் காத்திருக்க வேண்டாம். முடிந்தால் இடத்தைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்தவர்களின் பெயரை அன்றே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் சைட் மாறிப் போய்விடுவார்கள்.

வேலையில் பட்ட அடிக்கு நஷ்டஈடு தரும் சட்டம் ஒன்று இருக்கிறது. 2020 செப்டம்பர் முதல் புதிய வடிவில் நடைமுறையில் உள்ளது. தவறு யாருடையது என்று அது பார்ப்பதில்லை. உங்கள் கவனக்குறைவாகவே இருந்தாலும் கேட்கலாம். உடல் உழைப்பு வேலை செய்யும் எல்லோருக்கும் முதலாளி இன்ஷூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். மருத்துவச் செலவு, எம்.சி. (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) நாட்களுக்கான சம்பளம், நிரந்தரமாக உடல் பாதிப்பு இருந்தால் மொத்தத் தொகை என்று மூன்று பங்கு. எம்.சி.யில் முதல் 14 நாளுக்கும், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் 60 நாள் வரைக்கும் முழுச் சராசரிச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஒரு வருடம் வரை. ஒரு நாள் எம்.சி. அல்லது லைட் டியூட்டி கொடுத்தாலே முதலாளி எம்.ஓ.எம்.முக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிக்கவில்லை என்றால் நீங்களே போய்ச் சொல்லலாம், ஒரு வருடத்துக்குள். இந்த வழியில் கேட்க வக்கீல் தேவையில்லை. தெருவில் பிடித்து "பெரிய தொகை வாங்கித் தர்றேன்" என்கிறவரிடம் கையெழுத்துப் போடும் முன், கீழே சொல்லும் தொண்டு அமைப்புகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எம்.சி. கொடுக்காமல் "ரெஸ்ட் எடு" என்று கம்பெனி சொன்னால், அது எம்.சி. ஆகாது. டாக்டரின் தாள் வேண்டும்.

சம்பளம் வரவில்லை என்றால்

முதல் மாதம் பொறுப்பது புரிகிறது. இரண்டாவது மாதமும் வரவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். காரணம், காலக்கெடு. வேலையில் இருக்கும்போது கடந்த ஒரு வருடப் பாக்கியைத்தான் கேட்க முடியும். வேலையை விட்டபின் என்றால் ஆறு மாதத்துக்குள் புகார் பதிய வேண்டும். "முதலாளி நல்லவர், மூன்று வருஷப் பாக்கி இருக்கு, தருவார்" என்று வந்த ஒரு பெரியவரிடம், இரண்டு வருடப் பணம் சட்டப்படி போய்விட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

2017லிருந்து சம்பளப் புகார்கள் முதலில் டி.ஏ.டி.எம். என்ற சமரச அமைப்புக்குப் போகின்றன. சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கு இருந்தால் போனிலேயே பதியலாம். கை ஓடவில்லை என்றால் எம்.டபிள்யூ.சி. என்ற வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் உதவுவார்கள். டி.டபிள்யூ.சி.2, ஹோம் என்ற தொண்டு அமைப்புகளும் இருக்கின்றன. டி.டபிள்யூ.சி.2 2008லிருந்து தேக்காவில், கஃப் ரோடு திட்டம் என்ற பெயரில், வேலை இழந்த ஊழியர்களுக்கு இலவசச் சாப்பாடு தந்து வருகிறது. சாப்பிடப் போவதில் வெட்கம் வேண்டாம். உங்கள் கதையைக் கேட்கவும் அங்கே ஆள் இருக்கிறது.

பதிந்தபின் உங்களையும் முதலாளியையும் ஒரு மேசையில் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஐ.பி.ஏ., பேஸ்லிப், வங்கி அறிக்கை, டைம் கார்டு போட்டோ, நோட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். மாதம் வாரியாக வர வேண்டியது, வந்தது, பாக்கி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பிலேயே, பாதியை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள் என்று சொல்லக்கூடும். சம்மதித்துக் கையெழுத்திட்டால் அது முடிந்ததுதான், திரும்பக் கேட்க முடியாது. யோசிக்க நேரம் கேளுங்கள். பேச்சு முறிந்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து நான்கு வாரத்துக்குள் நடுவர் மன்றத்தில் மனுப் போட வேண்டும். அங்கே இரு தரப்பிலும் வக்கீல் கிடையாது. நீங்களும் முதலாளியும் மட்டும்தான்.

"புகார் கொடுத்தால் பெர்மிட்டைக் கேன்சல் செய்துவிடுவார்களே?" எல்லோரும் கேட்பது இதுதான். செய்யலாம், செய்கிறார்கள். கடனோடு வந்தவருக்கு அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், அதனால் பயப்படாதே என்று சும்மா சொல்ல மாட்டேன். ஆனால் கேன்சல் ஆனாலும் வழக்கு முடியும் வரை ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதியில் சட்டப்படி தங்கலாம். சாப்பாடும் தங்குமிடமும் அதுவரை முதலாளி பொறுப்பு. புகாரில் நியாயம் இருக்கிறது என்று எம்.ஓ.எம். கண்டால் வேறு முதலாளி தேட அனுமதிப்பதும் உண்டு. புகார் எதுவும் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கட்டட வேலையில் இருப்பவர்கள், பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் இருக்கும் அந்த இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புதிய கம்பெனிக்கு மாறலாம். காலண்டரில் அந்த நாட்களைக் குறித்து வையுங்கள்.

கட்டாயப்படுத்தி ஊருக்கு அனுப்பப் பார்த்தால்

பாக்கி வைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப் போவது நடக்கிறது. டார்மில் பூட்டி வைத்தாலோ மிரட்டினாலோ 999க்குப் போலீஸை அழையுங்கள். ஏர்போர்ட் வரை கொண்டுபோய்விட்டால் சண்டை போட வேண்டாம், ஓடவும் வேண்டாம். குடிநுழைவுச் சோதனை இடத்தில் இருக்கும் அதிகாரியிடம் போய், "எனக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது, நான் போக விரும்பவில்லை, எம்.ஓ.எம். போக வேண்டும்" என்று சொல்லுங்கள். அடிபட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த அதிகாரி உங்களை நிறுத்தி எம்.ஓ.எம்.முக்குத் தகவல் சொல்வார். இதைச் சொல்லத் தெரிந்தால் போதும். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் இரண்டே சொல்: "சேலரி பிராப்ளம்."

எம்.டபிள்யூ.சி.யின் 24 மணி நேர எண் 6536 2692. போனில் சேமித்தால் போதாது, சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் தேவைப்படும். நோட்டின் உள்அட்டையில் பேனாவால் எழுதுங்கள். அதற்குக் கீழே உங்கள் ஊர் வீட்டு எண்ணையும், பெர்மிட் எண்ணையும், ஐ.பி.ஏ.யில் உள்ள பேசிக் தொகையையும் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் இன்றைய தேதி.